பஸ்ஸை மறித்த அக்காவும் கும்பிட்ட அக்காவும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்றைக்கும் ஒரு பெண்பிள்ளை கொஞ்சம் துணிந்து பேசிவிட்டால், "பாரேன், பஸ்ஸ மறிச்சவ மாதிரி நிக்கிறா" என்பார்கள். அந்தப் பஸ்ஸை மறித்தவள் என் பெரியம்மாவின் மகள், எனக்குப் பெரியக்கா. அவளுக்குச் சில நாட்கள் பிந்திப் பிறந்தவள் என் கூடப்பிறந்த அக்கா, அவள் சின்னக்கா. ஒரே லயத்தில், அந்த நீள வரிசைவீட்டில், அடுத்தடுத்த காம்பராக்களில் பிறந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, பள்ளிக்கூடத்திலும் ஒரே வாங்கில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். பஸ் மறித்த கதையைத் தோட்டம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை என்னுடையது. அப்போது எனக்கு எட்டு வயது. வாய்க்கு மட்டும் வயது கூட.

கதை ஒரு கார்ட்டூனிலிருந்து தொடங்குகிறது. சனிக்கிழமை மாலைகளில் டிவியில் போகும் தொடர் அது. எந்த நாட்டில் வரைந்ததோ, எங்களுக்கு வந்து சேர்ந்தது சிங்களத்தில். ஓர் ஆற்றின் இரண்டு கரையிலும் தோணி ஓட்டும் இரண்டு வீடுகள். இரண்டு வீட்டிலும் ஒரே வயதில் ஒவ்வொரு பெண். இருவருடைய அப்பாவையும் ராஜா பிடித்துக்கொண்டுபோய்ச் சிறையில் போட்டுவிட்டான். முதல் சில வாரங்கள் ஒருத்திக்கு நடப்பதெல்லாம் மற்றவளுக்கும் நடந்தது. இக்கரையில் ஒருத்தி அழுதால் அக்கரையில் மற்றவளும் அழுவாள். சட்டையின் நிறத்தை வைத்துத்தான் யார் எவள் என்று கண்டுபிடிப்போம்.

பிறகு இருவரும் வேறு வேறு வழி போனார்கள். ஒருத்தி தலைமுடியை வெட்டி எறிந்துவிட்டு வில்லை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனாள். மற்றவள் சடையை இன்னும் இறுக்கிப் பின்னிக்கொண்டு அதே ராஜாவின் அரண்மனையில் சமையற்கட்டு வேலைக்குச் சேர்ந்தாள். அவர்களுடைய பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. கட்டைமுடி, சடைக்காரி என்று வைத்துக்கொண்டோம். கட்டைமுடி வாரா வாரம் யாரையாவது அடித்து விழுத்துவாள். சடைக்காரி வாரா வாரம் யாரையாவது கும்பிடுவாள். லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவளைக் கண்டாலே எரிச்சல். அப்பாவைச் சிறையில் போட்டவனுக்கே சோறு ஆக்கிப் போடுகிறாளே, இவளெல்லாம் ஒரு பெண்ணா என்று நான் டிவியைப் பார்த்தே திட்டியிருக்கிறேன்.

டிவி இருந்தது பெரியம்மா காம்பராவில். அதன் அன்டெனாவை ஒரு மூங்கிலின் உச்சியில் கட்டி வாசலில் நட்டிருந்தார்கள். நமுனுகுல மலைப் பக்கமிருந்து காற்றடித்தால் மூங்கில் திரும்பிவிடும், படத்தில் புள்ளி புள்ளியாக மழை கொட்டும். அதனால் யாராவது ஒருத்தி வெளியே நின்று மூங்கிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எப்போதும் பிடித்துக்கொண்டு நின்றவள் சின்னக்கா. ஜன்னல் வழியாகச் சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்கும். நாங்கள் விளக்கைப் பார்த்த பூச்சி மாதிரி திரைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருப்போம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் அதே கதையை நாங்கள் விளையாடுவோம். கட்டைமுடி என்றைக்கும் பெரியக்காதான். அவளிடம் அந்த வேஷத்தைக் கேட்டு வாங்க யாருக்கும் தைரியமில்லை. சடைக்காரியாக இருக்க ஒருத்தியும் வர மாட்டாள், ஆகவே அதுவும் சின்னக்கா தலையில் விழும். அவள் அதற்கு முகம் சுளித்ததில்லை. சடைக்காரி பேசுகிற நீள நீள வசனங்களை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள்.

எங்களுக்குத் தெரிந்த சிங்களம் முழுக்க இப்படி வந்ததுதான். அந்தச் சிங்களத்தை வைத்துக்கொண்டு பசறைச் சந்தையில் வெங்காயம் வாங்க முடியாது. யார்மேலாவது படையெடுக்கலாம், இல்லாவிட்டால் அரசனிடம் உயிர்ப்பிச்சை கேட்கலாம். ஒருமுறை பெரியக்கா ஒரு கடையில் உருளைக்கிழங்கு கேட்ட கேள்வியில் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

அந்த வருடக் கடைசியில் இரண்டு அக்காமாருக்கும் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரணதரப் பரீட்சை வந்தது. எங்கள் லயத்துப் பெண்பிள்ளை எவளும் அதுவரை அந்தப் பரீட்சையை எழுதி முடித்ததில்லை. கொழும்பில் அப்பா வேலை செய்த கடை முதலாளியின் சொந்தக்காரர் வீட்டில், சமைக்க ஒருத்தியும் பிள்ளை பார்க்க ஒருத்தியும் வேண்டுமென்று கேட்டு வைத்திருந்தார்கள். பரீட்சை கைவிட்டுப் போனால் பொங்கல் முடிந்த கையோடு இரண்டு பேரும் பதுளையில் ரயிலேற வேண்டியதுதான். வீட்டில் யாரும் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அம்மா அந்த மாதம் முழுவதும் சின்னக்காவைத் தண்ணீர் தூக்கக்கூட விடவில்லை.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை ஓடிய கதை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கட்டைமுடி அரண்மனைக்குள் நுழைய வேண்டும். வாசலில் ஒரு காவற்காரன், மீசை முறுக்கியவன். சடைக்காரி வந்து அவனைக் கும்பிட்டு, அவன் மீசையைப் புகழ்ந்து, வீரத்தைப் புகழ்ந்து, அவன் பாட்டன்வரை புகழ்ந்துகொண்டே நின்றாள். அந்த நேரத்தில் கட்டைமுடி ஒரு வைக்கோல் வண்டிக்குள் ஒளிந்து உள்ளே போய்விட்டாள். "வைக்கோல்தானே, போகட்டும்" என்று காவற்காரன் கையை ஆட்டினான். நாங்கள் கட்டைமுடிக்குக் கைதட்டினோம். சடைக்காரி கும்பிட்டதற்கு வழக்கம்போலத் திட்டினோம்.

பரீட்சை மண்டபம் பதுளையில். முதல் நாளுக்கென்று பெரியப்பா ஓர் ஓட்டோவைச் சொல்லி வைத்திருந்தார். இரவு பெய்த மழையில் தோட்டத்துப் பாதையில் மண் சரிந்து, ஓட்டோ மேலே வர முடியாமல் போய்விட்டது. விடிந்ததும் அம்மாவும் பெரியம்மாவும் பெரட்டுக்குப் போய் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுத்தாக வேண்டும். ஆகவே அக்காமார் இருவரும் குறுக்குவழியில் மெயின் ரோட்டுக்கு இறங்கினார்கள், கூடவே நான். சேற்றில் செருப்போடு நடந்து, ரோட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, பைக்குள் சுற்றி வைத்த வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் வழக்கம். சேற்றுச் செருப்புகளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவருவது என் உத்தியோகம்.

பசறையிலிருந்து வரும் பஸ் எங்கள் திருப்பத்தில் நிற்காது. நிரம்பி வழியும் பஸ்ஸில் சீசன் டிக்கெட் வைத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றி என்ன லாபம் என்று நினைத்திருப்பார்கள். முதல் பஸ் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. அடுத்ததை விட்டால் மண்டபக் கதவைச் சாத்திவிடுவார்கள். பெரியக்கா தன் பையை என் கையில் கொடுத்தாள். பனிக்குள் விளக்கு தெரிந்ததும் நடு ரோட்டில் போய்க் கால்களை அகட்டி நின்றாள்.

பிரேக் பிடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பஸ் அவளுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. டிரைவர் ஜன்னலால் தலையை நீட்டி, சாவதற்கு வேறு பஸ் கிடைக்கவில்லையா என்று கத்தினார். பெரியக்கா கையை உயர்த்தி, கட்டைமுடியின் சிங்களத்தில், மலைக்கே கேட்கும்படி முழங்கினாள்:

"நில்! என் உடலில் உயிர் உள்ளவரை இந்தப் பாதையில் ஒருவனும் போக மாட்டான்!"

பஸ்ஸுக்குள் வெள்ளை உடுப்பில் பரீட்சைக்குப் போகும் சிங்களப் பெண்பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். அவர்கள் ஜன்னல்களில் குவிந்து சிரித்தார்கள். டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. "மத்தவ வேணும்னா ஏறட்டும். இவ ஏறினா நான் பஸ்ஸ எடுக்கவே மாட்டேன்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். சொன்ன விதத்தைப் பார்த்தால் செய்யக்கூடிய ஆள்தான். பெரியக்காவின் கை மெதுவாகக் கீழே வந்தது. அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போது சின்னக்கா முன்னால் போனாள். பெரியக்காவைத் தாண்டும்போது அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், "நீ பேசாம பின்னால போ" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஒருத்திக்குத்தான் இடம் என்றதும் தான் மட்டும் ஏறப் போகிறாளே, சடைக்காரி புத்தியைக் காட்டிவிட்டாளே என்று நினைத்தேன்.

நினைத்தபடியே அவள் டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே போய் இரண்டு கையையும் கூப்பினாள். அரண்மனைச் சிங்களம் தொடங்கியது. "மகா பிரபுவே! தங்கள் தேரின் வேகத்தைத் திசைகளெல்லாம் புகழ்கின்றன. அறியாப் பேதையான என் சகோதரியின் பிழையைத் தங்கள் கருணைக் கடலில் கரைத்துவிடுங்கள்." அந்தப் பஸ்ஸைத் தேர் என்று அதைச் செய்தவனும் சொல்லியிருக்க மாட்டான். டிரைவர் திறந்த வாயை மூடவில்லை. அவள் அவருடைய புஜத்தைப் புகழ்ந்தாள், குலத்தைப் புகழ்ந்தாள், மீசை இல்லாததால் கண்களைப் புகழ்ந்தாள். அந்த மனிதர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, கடைசியில் ஸ்டியரிங்கில் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவளுடைய கூப்பிய கை இறங்கவேயில்லை. வெட்கத்தில் நான் பஸ்ஸின் பின்பக்கமாக ஒதுங்கி, செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிமிர்ந்தபோது பெரியக்கா எனக்குப் பக்கத்தில், பஸ்ஸின் பின் கதவடியில் இருந்தாள். என் கையிலிருந்த பையைப் பறித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து வெள்ளை உடுப்புப் போட்ட நாலைந்து கைகள் நீண்டன. ஒரு சிங்களப் பெண் அவளை இழுத்து ஏற்றி, தலையைக் கீழே அமுக்கி, மேலே இரண்டு மூன்று பைகளைப் போட்டு மூடினாள். கொண்டக்டர் திரும்பிப் பார்த்தபோது அந்தச் சிங்களப் பெண்ணே கையை ஆட்டி, "வைக்கோல்தானே, போகட்டும்!" என்றாள். பின்பக்கம் முழுக்க ஒரே சிரிப்பு. எனக்கும் விளங்கிவிட்டது, அவர்களும் சனிக்கிழமை அதைப் பார்த்திருக்கிறார்கள்! எங்கள் பெரியக்கா சாட்சாத் கட்டைமுடியேதான் என்று நான் ரோட்டோரத்தில் குதித்தேன். சின்னக்கா கடைசியாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு முன்னால் ஓடிச் சுற்றி வந்து முன் கதவால் ஏறினாள். தேர் புகை கக்கிக்கொண்டு புறப்பட்டது.

நான் நேரே மலைக்கு ஓடினேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவிடமும் பெரியம்மாவிடமும், அடுத்த நிரையில் நின்றவர்களிடமும், கங்காணியிடமும் சொன்னேன். என் கதையில் பெரியக்கா பஸ்ஸை ஒரு கையால் நிறுத்தினாள், டிரைவரை நடுங்க வைத்தாள், பின் கதவால் பாய்ந்து ஏறினாள். சின்னக்கா அந்தக் கதையில் வரவில்லை. கும்பிட்ட பகுதியைச் சொல்லி எங்கள் குடும்பத்து மானத்தை வாங்க வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

இருவரும் பரீட்சை எழுதினார்கள், இருவரும் சித்தியடைந்தார்கள். கொழும்பு வீட்டுக்காரர்கள் வேறு ஆள் தேடிக்கொண்டார்கள். பெரியக்கா இன்றைக்கும் தோட்டத்தில்தான் இருக்கிறாள், முன்பள்ளி ஆசிரியையாக. தோட்டத்துப் பெண்களுக்கு ஒரு நியாயம் கேட்க வேண்டுமானால் ஆபீஸ் வாசலில் முதல் ஆளாக நிற்பவள் அவள். சின்னக்கா பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். இப்போது அவள் பேசும் சிங்களத்தில் பிரபுவும் தேரும் கிடையாது, ஆனால் அவள் வாயைத் திறந்தால் பெரிய பெரிய அதிகாரிகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்கள். ஒன்றாக வளர்ந்தவர்கள் இப்படி ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்களே என்று சனம் பேசுகிறது. போன வருடம் லயத்துக்குத் தண்ணீர்க்குழாய் கேட்டு பெரியக்கா வெளியே கோஷம் போட்ட அதே மாதத்தில், சின்னக்கா உள்ளே யாரிடம் என்ன பேசினாள் என்பது அந்தச் சனத்துக்குத் தெரியாது. குழாயில் தண்ணீர் வருகிறது. இரண்டு பேரையும் நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பஸ்ஸை மறித்த அன்றைக்கு மாலை மட்டும் எனக்கு ஓர் அக்காவைப் பற்றித்தான் பெருமை. லயத்துப் பிள்ளைகள் பெரியக்காவைச் சுற்றிக்கொண்டு மறித்த கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சின்னக்கா தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் குந்தியிருந்து இரண்டு பேருடைய சப்பாத்தையும் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரே நின்றேன்.

"ஏன் அந்த ஆளப் போயிக் கும்புட்ட? ஒனக்கு வெக்கமாவே இல்லியா?"

அவள் சப்பாத்தைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அவரு கண்ணு எம்மேலயே இருக்கணும்ல, புள்ள. கதவுப் பக்கமாத் திரும்பி இருந்தாருன்னா, பின் கதவு தெரியிற கண்ணாடியில அக்கா ஏறுறது தெரிஞ்சிருக்கும்."

எனக்குக் கேள்வி ஒன்று பதிலொன்றாகப் பட்டது. நான் கும்பிட்டதைக் கேட்டால் இவள் கண்ணாடியைச் சொல்கிறாளே! "கட்டைமுடியா இருந்தா கும்புட்டிருக்கவே மாட்டா" என்றேன்.

"ஆமா, அவ கும்புட மாட்டா" என்றாள் சின்னக்கா. பிறகு ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, நாளைக்குக் கணக்குப் பாடம், புத்தகத்தை எடுத்துவா என்று என்னை அனுப்பினாள். எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பஸ்ஸை மறித்த அக்காவின் பக்கத்தில் இடம் பிடிக்க நான் ஓடிவிட்டேன்.