மினி பஸ் வீடியோ

விளாங்குடியில் கை காட்டியும் நிற்காமல் போன மினி பஸ்ஸை ஆட்டோவில் துரத்திப் போய், அடுத்த நிறுத்தத்தில் ஓட்டுநரைத் திட்டினேன். பள்ளி ஆசிரியையான எனக்குத் திட்டுவது பழக்கம்தான். யாரோ அதை செல்போனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். இரண்டே நாளில் ஊரெல்லாம் பரவிவிட்டது. பள்ளியில் கை தட்டினார்கள். முன்பின் தெரியாத பெண்கள் என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

பிறகு, அந்த ஓட்டுநரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டு, பஸ் உரிமையாளரைப் போய்ப் பார்த்தேன்.

“திட்டுன நானே சொல்றேண்ணே, அவரத் திரும்பச் சேத்துக்கங்க.”

“ஊரே பாத்துருச்சு டீச்சர். இனி அவன் ஓட்டுனா எவன் ஏறுவான்?” என்றார்.

சில மாதம் கழித்து, தல்லாகுளம் சிக்னலில் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றது. ஓட்டி வந்தவர் அவர்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“எம் மகளப் பள்ளிக்கூடத்துல இன்னமும் ‘மினி பஸ்ஸு’ன்னுதான் கூப்புடுறாங்க டீச்சர்” என்றார். குரலில் கோபம் இல்லை.

“எங்க பள்ளிக்கூடத்துல சேத்துவிடுங்க. நான் பாத்துக்கறேன்.”

“ஒங்க பள்ளிக்கூடத்துலயா?” என்று கேட்டுச் சிரித்தார்.

பச்சை விழுந்ததும் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.