சாளையல்லாத மீன்

எங்கள் பள்ளிக்கூட அலமாரியில் ஒரு கல் இருந்தது. அதில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மீன் பதிந்திருக்கும். முள், வால், கண்குழி எல்லாம் தெளிவாகத் தெரியும். பார்த்தால் எங்கள் கடற்கரைச் சாளை, அதாவது மத்தி போலவே இருக்கும். அமெரிக்கா போய்வந்த பாதிரியார் ஒருவர் கொடுத்தது. நைட்டியா என்று பெயர். ஏரியில் வாழ்ந்த மீன். மனிதன் பிறக்க எத்தனையோ காலம் முன்பே அடியோடு அற்றுப்போன இனம். இதையெல்லாம் தமிழில் சீட்டெழுதி ஒட்டியவன் நான், அங்கே சயன்ஸ் வாத்தியார்.

எல்லைப் போராட்ட வருஷங்கள் அவை. ஊர்வலம், கடையடைப்பு, போலீஸ், மறுபடி ஊர்வலம். கடைசியில் விளவங்கோடு தமிழ்ப் பக்கம் போயிற்று. பாறசாலைக்காரர்களான நாங்கள் மலையாளப் பக்கமே நின்றோம். கோஷம் போட்டு என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அடுத்த ஜூனில் ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவு நடக்க வேண்டுமானால் இன்னும் ஒரு பிள்ளை சேர வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். வீடு வீடாக நடந்தேன். "பாப்பம் சாறே" என்றார்கள். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? காலும் மனசும் ஒருசேர ஓய்ந்துபோயின.

சேர்க்கையின் கடைசி நாள், பக்கத்து ஊரான காரோட்டிலிருந்து மீன் சுமந்து வந்து விற்கும் ஒருத்தி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். அப்பாடா என்றிருந்தது. கூடையை வாசலில் இறக்கியவள் அலமாரியைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதென்ன சாறே, கல்லுல சாளை?"

"சாளை இல்ல. இது ஏரி மீனு."

"சாளையாக்கும். தெனமும் சொமக்கிய எனக்குத் தெரியாதா?"

ஆமாம் என்று சொல்லி விண்ணப்பத்தை நீட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். என் வாய் சும்மா இருக்குமா? கரும்பலகையில் படம் போட்டு, ஏரி, கடல், இனம் அழிவது என்று கால்மணி நேரம் விளக்கினேன். மாதக்கணக்கில் எவனும் என் பேச்சைக் கேட்காத எரிச்சலையெல்லாம் அவள் தலையில் கொட்டினேன். "மீன் வித்தா போதுமா, வெவரம் வேண்டாமா?" என்றும் கேட்டுத் தொலைத்தேன்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"செத்து ஒழிஞ்ச மீனுக்க காரியமெல்லாம் சாறுக்குத் தெரியும். உயிரோட நிக்கிய மனுசிகிட்ட பேசத் தெரியாது. வா மக்கா."

மகளை இழுத்துக்கொண்டு வராந்தாவைத் தாண்டி மலையாளப் பிரிவின் மேஜைக்குப் போனாள். கைநாட்டு வைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னாலேயே ஓடிப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. போகாமல் கரும்பலகையை அழித்தேன்.

ஜூனில் தமிழ்ப் பிரிவு இல்லை. என்னை மலையாளப் பிரிவுக்கு சயன்ஸ் எடுக்கச் சொன்னார்கள். முதல் நாள் அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு போனேன். நான் வாயைத் திறக்குமுன்பே முன்பெஞ்சிலிருந்து அவள் மகள் எழுந்தாள்.

"சாறே, இது சாளையாக்கும். அம்ம சொன்னா."

"ஆமா மக்கா, சாளைதான்" என்றேன்.

அந்த வகுப்பில் நான் பேசிய தமிழ் அவ்வளவுதான்.