தூளிக்கு மரம் பார்த்த படலம்

லிப்ட் பரிசோதகருக்கு ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்கார வராது. இருபத்திரண்டு வருடமாக லிப்டுகளின் கம்பிவடத்தைத் தடவிப் பார்த்து, 'ஆட்கள் ஏறலாம்' என்று கையெழுத்துப் போடுவது அவர் உத்தியோகம். போட்டுவிட்டுப் படிவழியே இறங்கி வருவது அவர் கொள்கை.

ரத்த அழுத்தம் எகிறியபோது டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். மனைவி கடைக்குப் போய், முகாமுக்குப் போகிறவர்கள் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் துணித்தூளி ஒன்றை வாங்கிவந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஏரிக்கரைக்குப் போறோம். அஞ்சு மணி பஸ்ஸுக்குள்ள ஒரு மணி நேரம் அசையாம படுத்துக் காட்டுங்க. இல்லைன்னா ரெண்டு வாரம் எங்கக்கா வீட்டுல ஓய்வு."

அக்கா வீட்டில் சகலை இருந்தார். அவர் தம் முழங்கால் ஆபரேஷனைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்பவருக்குத்தான் மயக்க மருந்து தேவைப்படும்.

ஞாயிறு பதினொரு மணிக்கு ஏரிக்கரைத் தோப்பில் இறங்கினார்கள். பெரிய மரமொன்றின் நிழலில் மனைவியைப் பாய்போட்டு உட்காரவைத்துவிட்டு, பரிசோதகர் அளவு நாடாவோடு கடமைக்குள் புகுந்தார்.

ஒரு மரத்தை விரல்முட்டியால் தட்டினார். பானை மாதிரி ஒலித்தது. உள்ளே பொந்து, தள்ளுபடி. இன்னொன்றின் அடியில் காளான். வேர் அழுகல், தள்ளுபடி. அடுத்தது குன்றாக நின்றது. ஆனால் அதற்கு எதிரே இருந்த மரத்துக்குத் தொடைப் பருமன்கூட இல்லை. நல்ல வரன், சம்பந்தி வீடு சரியில்லை.

"ஏங்க, மரம் பாக்குறீங்களா, மாப்பிள்ளை பாக்குறீங்களா?"

"மாப்பிள்ளை சரியில்லைன்னா திரும்பி வந்துடலாம். மரம் சரியில்லைன்னா?"

மணி மூன்றாயிற்று. அவர் சட்டை நனைந்து பிழியும் பதத்தில் இருந்தது. மனைவி கொட்டாவி விட்டாள்.

"முதமுதல்ல ஒரு மரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினீங்களே, அதுல என்ன குறை?"

"மேல பட்டுப்போன கிளை. காத்தடிச்சா நேரா தலையிலதான்."

"எந்த மரம் அது?"

"நீ சாஞ்சிருக்கியே, அதான்."

மனைவி நிதானமாக எழுந்தாள். மேலே பார்த்தாள். பாயைச் சுருட்டினாள்.

"நாலு மணி நேரமா என்னை இதுக்கடியிலயா வச்சிருந்தீங்க?"

"நான் தூளிக்குத்தானே பார்த்தேன்," என்றார் பரிசோதகர், உண்மையாகவே குழம்பி. "பாய்க்குப் பார்க்கலையே."

அதற்குமேல் மரங்கள் மளமளவென்று தேறத் தொடங்கின. ஐந்து தப்படி இடைவெளியில் பச்சையும் பருமனுமாக நின்ற இரண்டு மரங்களில், பட்டை அறுபடாதபடி அகல வாரைச் சுற்றி, தூளியை இடுப்பு உயரத்தில் கட்டினார். மணி நான்கடிக்க இரண்டு நிமிடம் இருந்தது.

"ஏறுங்க."

"முதல்ல ஏதாவது எடை வச்சுப் பார்த்துட்டு..."

"எடை நீங்கதான்."

சாய்ந்தார். ஒரு கால் உள்ளே போயிற்று. மற்றது தரையை விடவில்லை.

"அந்தக் கால்?"

"அது அவசரத்துக்கு."

மனைவி போனை எடுத்தாள். "அக்கா? அத்தான் வீட்டுல இருக்காரா? இல்ல, இவரு வந்து ரெண்டு வாரம்..."

கால் தானாகவே எழும்பி உள்ளே வந்துவிட்டது. கண்ணும் மூடிக்கொண்டது. மனைவி போனை வைத்துவிட்டு, தலைமாட்டு மரத்தில் கட்டிய முடிச்சின்மேல் கையை வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"முடிச்சு நகருதா?"

"நகரல. தூங்குங்க."

அரை நிமிடத்தில் ஒரு கண் திறந்தது.

"இப்ப?"