மூன்றாம் மாடியில் குடி கிடையாது

இதை நான் சொல்லக் கூடாது. எங்கள் கூட்டத்தில் உட்கார்ந்த எவனும் சொல்லக் கூடாது. அங்கே யாரைப் பார்த்தோம், யார் வாயிலிருந்து என்ன கேட்டோம் என்பதையெல்லாம் அந்த அறையிலேயே விட்டுவிட்டு வெளியே வர வேண்டும். குடியை விட்டவர்களுக்கு இருக்கும் கண்டிப்பான சட்டம் அது ஒன்றுதான். பத்தொன்பது வருஷம் அதைக் காப்பாற்றினேன். இப்போது பெயர்களை மாற்றிவிட்டுச் சொல்கிறேன், கல்லூரியின் பெயரை வாயில் எடுக்க மாட்டேன். சொல்லாமல் வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வெர்ன் டோர்சன் எங்கள் மாவட்டத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். விஸ்கான்சினின் இந்த வடக்கு மூலையில் அவன் போன பிறகுதான் பால் லாரிகளும் பள்ளிப் பேருந்துகளும் கிளம்பும். நான் முப்பது வருஷம் பால் லாரி ஓட்டியவன். வெர்ன் தள்ளிய சாலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கோடையில் அதே சாலையின் குழிகளை அடைப்பான். பேச்சு குறைவு. செய்கிற வேலையில் குறை சொல்ல முடியாது. குடித்த காலத்தில் மட்டும் அவன் எதையும் உருப்படியாகச் செய்ததில்லை.

அவன் குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. செவ்வாய்க்கிழமைகளில் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நாங்கள் கூடுவோம். காபி போடுவது அவன் பொறுப்பு. பாத்திரம் கழுவிய தண்ணீர் அதைவிட நன்றாக இருக்கும், ஆனாலும் குடிப்போம். எங்களில் ஒவ்வொருவனுக்கும் மனம் தடுமாறினால் போன் போட ஓர் ஆள் உண்டு. வெர்னுக்கு அந்த ஆள் நான். நான் ஒன்று சொன்னால் அவன் தட்டவே மாட்டான். அதுதான் வினையாய்ப் போயிற்று.

அவனுக்கு ஒரே மகள், பிரிட்டா. அவளுக்கு எட்டு வயது இருக்கும்போது, ஏரி இறுகி உறைந்த ஒரு ஜனவரியில், ஏரி மேல் வைத்திருந்த மீன்பிடிக் குடிலில் அவளை உட்கார வைத்துவிட்டு, "தூண்டிலுக்குப் பொடி மீன் வாங்கிட்டு வரேன்" என்று கரைக்குப் போனான். கரையில் பார் இருந்தது. திரும்பி வர நாலு மணி நேரம் ஆயிற்று. பக்கத்துக் குடில்காரர் மட்டும் குழந்தையைப் பார்த்துத் தன் அடுப்போரம் கூட்டிப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. வெர்ன் வந்து நின்று, "வண்டி மக்கர் பண்ணிடுச்சுடா கண்ணு" என்றான். மனைவி அந்த வசந்தத்தில் அரிசோனா பக்கம் போய்விட்டாள். அடுத்த வருஷம் அவன் எங்கள் கூட்டத்தின் படியிறங்கினான்.

பன்னிரண்டு வயதில் பிரிட்டா அவனிடம் சொன்னாளாம்: "குளிரெல்லாம் மறந்து போச்சுப்பா. வண்டி மக்கர்னு சொன்னியே, அது மட்டும் போகவே மாட்டேங்குது." அன்றைக்கு இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இனி வெர்ன் அவளிடம் எதைச் சொன்னாலும் அது தனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னான். வருஷக்கணக்காகச் சொன்னான். மெல்ல மெல்ல அந்தப் பெண் அவனை நம்ப ஆரம்பித்தாள்.

கல்லூரி பார்க்கிற வயது வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பதினைந்து வயதிலேயே ஜல்லிக்குழிப் பக்கம் தீ மூட்டி உட்கார்ந்து பீர் குடிக்கிறவர்கள். பிரிட்டா அந்தப் பக்கமே போனதில்லை. அதற்காக அவளை "பாஸ்டர் அம்மா" என்று கூப்பிட்டுக் கேலி பண்ணுவார்கள். அவளுக்கு வேண்டியது நர்சிங் படிப்பு, அதோடு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாந்தியைத் தாண்டாமல் அறைக்குப் போக ஒரு விடுதி. ஒரு நோட்டில் கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். படிப்பைப் பற்றி நாலு கேள்வி, குடியைப் பற்றி பதினொன்று.

முதல் கல்லூரிக்குக் கால்பந்து ஆட்டம் இருந்த சனிக்கிழமை போய்த் தொலைத்தார்கள். காலை ஒன்பது மணிக்கே கார் நிறுத்துமிடம் முழுக்க, ஆட்டத்துக்கு முன்னே இறைச்சி சுட்டுக் குடிக்கிறவர்களின் அடுப்புப் புகை. எழுபது வயதுப் பழைய மாணவர் ஒருவர் வெர்ன் கையில் ஒரு பீர் டப்பாவைத் திணிக்கப் பார்த்து, "பிடிங்க தம்பி, ஆட்டம் பார்க்க வெறும் வயித்தோடயா போவீங்க?" என்றார். வெர்ன் கையை ஜேபிக்குள் விட்டுக்கொண்டான். பிரிட்டா சுற்றிப் பார்க்காமலே அவனை இழுத்து வந்துவிட்டாள். இரண்டாவது கல்லூரி கழுவித் துடைத்த மாதிரி அமைதியாக இருந்ததாம். அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வசந்த விடுமுறையில் போனால் எந்தக் கல்லூரிதான் அமைதியாக இராது? அங்கே படிக்கும் எங்கள் ஊர்ப் பையன் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நாங்க அத்தனை பேரும் அப்ப ஃபுளோரிடா கடற்கரையில விழுந்து கிடந்தோம்!" என்றான்.

மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது. ஏப்ரல் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. விடுமுறையும் இல்லை, ஆட்டமும் இல்லை. இந்த முறை நாள் பார்த்துத்தான் போனார்கள். சுற்றிக் காட்டியவள் டெலேனி என்று ஒரு மூன்றாம் வருஷப் பெண். வழிகாட்டிகள் எல்லோரையும் போல அவளும் பின்பக்கமாக நடந்துகொண்டே பேசினாள். நூலகம், ஆய்வுக்கூடம், சாப்பாட்டுக்கூடம். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் பத்துக் குடும்பம். பிரிட்டா நோட்டைத் திறந்தாள்.

"இங்க எவ்வளவு குடிப்பாங்க?"

பெற்றோர்கள் சிரித்தார்கள். ஓர் அப்பா, "இந்தக் கேள்விய நான் கேட்டிருந்தா ஜாஸ்தி குடிக்கிற இடமாப் பாத்துச் சேந்திருப்பேன், பாப்பா" என்றார். மறுபடி சிரிப்பு. டெலேனி மட்டும் நின்றுவிட்டாள்.

"குடிக்கிறவங்க குடிப்பாங்க. ஆனா எங்க விடுதி மூணாவது மாடியில அது கிடையவே கிடையாது. நாப்பது பேர், எல்லாரும் குடிக்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தவங்க. வெள்ளிக்கிழமை ஆனா அப்பம் சுட்டுச் சாப்பிட்டுட்டு சீட்டு விளையாடுவோம். அந்த மாடிக்குப் பொறுப்பே நான்தான். நானும் தொடறதில்ல."

பிரிட்டா நோட்டை மூடிவிட்டாள். மற்ற பத்துக் கேள்விகளை அவள் கேட்கவே இல்லை. "அவ மூஞ்சியப் பாக்கணுமே கஸ்!" என்று வெர்ன் பிறகு என்னிடம் சொன்னான். அந்த முகத்தை அவன் பார்த்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

நடு மதியம் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு, பெற்றோருக்குத் தனியாக. வெளியூர் போனால் அந்த ஊரில் எங்கே கூட்டம் நடக்கிறது என்று தேடிப் போய் உட்காருவது எங்கள் பழக்கம். கல்லூரிக்கு எதிரே இருந்த தேவாலயத்தில் பன்னிரண்டு மணிக்கு ஒரு கூட்டம். மகளுக்கு அப்படி ஓர் இடம் கிடைத்ததற்கு நன்றி சொல்லத்தான் வெர்ன் போனான். உள்ளே போனவனுக்குத் திக்கென்றது. நாற்காலிகளில் பாதி பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். எங்கள் செவ்வாய்க்கிழமையில் நாற்பதுக்குக் கீழே ஒருவன் கிடையாது.

ஐந்து நிமிஷம் கழித்து டெலேனி வந்தாள். சட்டையில் வழிகாட்டி அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வெர்னைப் பார்த்தாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தானாம். போகவில்லை, உட்கார்ந்தாள். முறை வந்ததும் எழுந்து பேசினாள்.

"குடிக்காம இன்னிக்கு நாலாவது நாள். என் மாடியில குடிக்கக் கூடாது. ஆனா நாப்பது பேர்ல முப்பது பேர் குடிக்கிறாங்க. தண்ணி பாட்டில்ல ஊத்தி, கதவைச் சாத்திக்கிட்டு. வெளிய குடிச்சாலாவது யாராவது பாப்பாங்க. பொறுப்புல இருக்கறவளே குடிச்சா யாரப் போயி புடிக்கறது? போன மாசம் ஒரு புதுப் பொண்ணு மூச்சுப் பேச்சில்லாமக் கிடந்தா. நான் போதையில இருந்ததால ஆம்புலன்சுக்குப் போன் பண்ண இருபது நிமிஷம் யோசிச்சேன். பொழச்சுட்டா. இன்னிக்குக் காலையில ஒரு பொண்ணு என் கண்ணைப் பாத்துக் கேட்டா. சிரிச்சுக்கிட்டே பொய் சொன்னேன்."

கூட்டம் முடிந்ததும் வாசலில் அவனிடம் வந்தாள். "சார், சொல்ல மாட்டீங்கல்ல?" என்றாள்.

"இங்க கேட்டது இங்கயேதான்மா" என்றான் வெர்ன். "நாளைக்கும் வா." அவளை அங்கிருந்த ஒரு வயதான பெண்மணியிடம் சேர்த்துவிட்டு, தன் வண்டிக்கு வந்து, தடுமாறினால் கூப்பிடும் ஆள் என்ற உரிமையில் எனக்கு மட்டும் போன் போட்டு நடந்ததைச் சொன்னான்.

அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை. நான் கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"கஸ், நான் என் பொண்ணுகிட்ட சொல்லியாகணும்."

"மூச்சு விடக் கூடாது."

"அந்த மாடிக்குத்தான்டா அவ போகப்போறா."

"வெர்ன், நீ வெளிய சொன்னா அந்தப் பொண்ணு வேலை போகும், படிப்பு போகும், நாளைக்கு அங்க வந்து உக்கார மாட்டா. நாலு நாள் ஆன பொண்ணு. செத்துப் போவா. அந்தப் பாவம் உனக்கு வேணுமா?"

"பேரைச் சொல்ல மாட்டேன்."

"பேரைச் சொல்லாம எப்படிச் சொல்லுவ? உன் பொண்ணு என்ன முட்டாளா? வேண்டாம்னு மட்டும் சொல்லு. அப்பன் சொன்னாக் கேப்பா."

அப்பன் சொன்னால் கேட்பாளாம்! வாய் கூசாமல் சொன்னேன். குடித்த ஒருவன் தன் பிள்ளையிடம் காரணம் சொல்லாமல் எதையும் கேட்க முடியாது என்பது எனக்குத் தெரியாதா? சட்டம் பேசுகிற ஜோரில் மூளையைக் கழற்றி வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு இரண்டரை மணி நேரப் பயணம். பிரிட்டா வழியெல்லாம் மூன்றாம் மாடியைப் பற்றியே பேசினாளாம். பாதி வழியில் வெர்ன், "அந்த இடம் வேணாம்டா கண்ணு" என்றான்.

"ஏன்?"

"எனக்கு என்னவோ சரியாப் படல."

"என்ன சரியாப் படல? காலையில என்னைவிட நீதான் குதிச்ச. நடுவுல என்ன ஆச்சு? எங்க போன?"

"கூட்டத்துக்குப் போனேன்."

"அங்க யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

வெர்ன் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான். ஆமாம் என்றால் அந்தப் பெண்ணின் கதை முடிந்தது. இல்லை என்றால் அது பொய். அவன் வாயைத் திறக்கவில்லை.

"சரி, புரிஞ்சுது" என்றாள். "நான் தூரமாப் போறது உனக்குப் பிடிக்கல. அதை நேரா சொல்லேன்! எதுக்கு அந்த இடத்தைக் குறை சொல்ற? இதுக்குப் பேசாம வண்டி மக்கர்னே சொல்லியிருக்கலாம்."

அன்று சாயங்காலமே சமையலறை மேஜை முன் உட்கார்ந்து இடத்தை உறுதி செய்து அனுப்பினாள். மூன்றாம் மாடி என்று படிவத்துக் கட்டத்தில் குறியிட்டதை வெர்ன் பக்கத்தில் நின்று பார்த்தான். அவள் வேண்டுமென்றே அவன் பார்க்கட்டும் என்று செய்தாளோ என்னவோ.

கோடை முழுக்க அவனுக்கு ஒரே ஒரு பிடிதான் இருந்தது. டெலேனி தாக்குப் பிடித்தால் போதும், அவள் அந்த மாடியைப் பார்த்துக்கொள்வாள். ஆகஸ்டில் பெட்டி படுக்கையோடு மகளைக் கொண்டுபோய் இறக்கியபோது மூன்றாம் மாடி வாசலில் வேறு ஒரு பையன் பெயர்ப் பட்டியலோடு நின்றான். டெலேனி மே மாதமே படிப்பை விட்டுப் போய்விட்டாளாம். எங்கே போனாள் என்று அவனுக்குத் தெரியாது. எதிரே இருந்த தேவாலயத்துக்குப் போய் அந்த வயதான பெண்மணியிடம் கேட்டான். அவளும் எங்கள் சட்டப்படி நடக்கிறவள். உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். நாங்கள் யாரைக் காப்பாற்ற வாயைக் கட்டிக்கொண்டோமோ அவளே இல்லை.

செப்டம்பரில் பிரிட்டா வாரம் இரண்டு முறை போன் செய்தாள். அக்டோபரில் ஒரு முறை. நவம்பரில் நன்றி செலுத்தும் நாள் விடுமுறைக்கு வந்தாள். பேருந்து நிலையத்தில் இறங்கி அப்பனைக் கட்டிக்கொண்டாள். மதியம் மூன்று மணி. புதினா மிட்டாய் வாசனை அடித்தது. புதினாவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை எங்களை மாதிரி ஆட்களின் மூக்குக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

"குடிச்சிருக்கியாடா?" என்று கேட்டான்.

"இருமல் மருந்துப்பா" என்றாள். கண்ணைக்கூட இமைக்கவில்லையாம். பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "குளுருது, போலாமா?" என்றாள்.

மறுநாள் காலையில் லாரிக் கொட்டகையில் போய் அவனைப் பார்த்தேன். அன்றைக்கு அவனுக்கு விடுமுறை. வீட்டில் இருக்க முடியாமல், பனி தள்ளும் தகட்டுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். ஏற்கெனவே போட்டிருந்த தகடு அது. பிரிட்டா பதினோரு மணியாகியும் எழுந்திருக்கவில்லை என்றான்.

"என்கிட்ட சொல்றா கஸ். என்கிட்டயே. அதுவும் எவ்வளவு சுளுவா சொல்றா தெரியுமா? எனக்குக்கூட அந்தக் காலத்துல அப்படி வராது."

"கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பாரேன்."

"நான் கூப்பிட்டா வருவாளா? நான் சொன்னா இனி எதைக் கேப்பா?"

கிரீஸ் துணியில் விரல் விரலாகத் துடைத்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஒன்பது வருஷத்தில் அவன் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறான், அழுதிருக்கிறான், நான் சொன்னதில் குறை கண்டதில்லை.

"ஏப்ரல்ல, வண்டியில. உன் பொண்ணா இருந்தா சொல்லியிருப்பியா?"

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், டுலூத்தில். அவன் கேட்டதும் அவள் முகம்தான் வந்தது. இவன் இன்றைக்கு உடைந்தால் நேரே பாருக்குத்தான் போவான் என்றும் தோன்றியது.

"மாட்டேன்" என்றேன். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

வெர்ன் தலையாட்டினான். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தகட்டுப் பக்கம் குனிந்தான். பாவி, நம்பிவிட்டான். என் மகளாக இருந்திருந்தால் அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டுவதற்குள் சொல்லியிருப்பேன்.