வலது காலுக்கும் ஒரு டெஸ்ட்

நாட்றம்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கும் செல்வகுமாருக்கு, தன் மனைவி முத்துமாரி ஆம்பூர் ஷூ கம்பெனியில் என்ன வேலை செய்கிறார் என்பது வெகுநாள் பிடிபடவில்லை. தெரிந்துகொள்ள அவர் முயற்சி செய்யாமலில்லை.

"இன்னைக்கி இன்னா வேலை?" என்று சாப்பிடும்போது கேட்பார்.

"கம்ப்யூட்டர் பேஜ்ல ஒரு பட்டன் கீழ இருந்துச்சு. கொஞ்சம் மேல தூக்கி வெச்சேன்."

"நாளைக்கி?"

"அது மேலதான் இருக்குதான்னு பார்க்கற டெஸ்ட்டு எழுதணும்."

"நீதானே தூக்கி வெச்சே?"

"ஆமா."

"அப்புறம் இன்னா சந்தேகம்?"

"இன்னிக்கி சந்தேகம் இல்ல. அடுத்த மாசம் வேற எதையாவது மாத்துவேன். அப்ப இது கீழ இறங்கிடக் கூடாது இல்ல."

செல்வகுமார் கொஞ்சம் யோசித்தார். ஒட்டிய டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பது போல ஏதோ ஒன்று என்று தாமாகவே முடிவு செய்துகொண்டார். அது ஏறக்குறைய சரி. முத்துமாரியும் அதற்குமேல் விளக்கவில்லை.

அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு ஷூவின் பேட்டர்னும், அதாவது லெதரை வெட்டுவதற்கான அளவுப் படமும், கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாக இருக்கிறது. வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் குதிகாலை ஒரு நூல் அளவு குறைக்கச் சொல்வார்கள். குறைத்து அனுப்பினால் பழையபடி வைக்கச் சொல்வார்கள். எந்த மாற்றத்தை யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்ற விவரத்தோடு எல்லாப் பழைய பதிப்புகளையும் அழியாமல் காத்துவைக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. உலகத்தில் அதைப் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் புரோகிராம் எழுதுகிறவர்கள். இங்கே பேட்டர்னுக்குப் பயன்படுத்துகிறார்கள். அதைத் திறந்து பார்ப்பதற்கான இணையப் பக்கம் இலவசமாகக் கிடைத்தது. அவரவர் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதுதான் முத்துமாரியின் வேலை.

அவர் இதற்காகப் படித்தவர் அல்ல. பல வருஷம் சாம்பிள் ரூமில் இருந்தார். புது மாடல் வந்தால் மாதிரி ஷூ செய்து அனுப்பும் அறை அது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஜோடியாகச் செய்யமாட்டார்கள். இடது கால் மட்டும் செய்வார்கள். வாங்குகிறவர் அதைப் பார்த்துச் சரி என்றால், பேட்டர்னை மெஷினிலேயே திருப்பிப் போட்டு வலது காலை எடுத்துக்கொள்வார்கள். இடது சரி என்றால் வலதும் சரி. இதைப் பற்றி அந்த அறையில் யாரும் விவாதித்ததாகத் தெரியவில்லை.

இணையப் பக்கத்தை நிறுவிய ஹேமந்த் என்ற இன்ஜினியர் பெங்களூருக்கு வேலை மாறிப் போனபோது, பேட்டர்ன் தெரிந்த யாராவது அந்த நாற்காலியில் உட்காரட்டும் என்று மேனேஜர் ஜான்சன் முத்துமாரியை அனுப்பினார். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தின் நிரலும் அதே மென்பொருளுக்குள்தான் இருந்தது. அது தொடங்கிய நாள் முதல் எங்கெங்கோ இருந்தவர்கள் தொட்ட ஒவ்வொரு வரியும், தொட்டதற்கான காரணமும் அதில் இருந்தன. முத்துமாரி முதல் மாற்றத்திலிருந்து வரிசையாகப் படித்தார். ஒரு மாற்றத்தில் ஒரு வேலைதான் செய்ய வேண்டும், அதோடு அதைத் தானாகவே சோதித்துச் சொல்லும் டெஸ்ட் நிரல் ஒன்று இருக்க வேண்டும், காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும் என்ற வழக்கங்கள் அவருக்கு அப்படித்தான் தெரிந்தன. ஒரே மாற்றத்தில் இரண்டு வேலை செய்தவர்களை மற்றவர்கள் திட்டியிருந்ததும் அதில் இருந்தது. அதையும் விடாமல் படித்தார்.

டெஸ்டுகளுக்காக நிஜ மாடல்களைத் தொடக் கூடாது. இல்லாத ஷூக்களை உருவாக்கி, 'கலவை', 'அமிர்தி' என்று பெயர் வைத்தார். கலவை ஷூவின் பேட்டர்ன் பலமுறை மாறியிருக்கிறது. அதை யாரும் தைத்ததில்லை.

சாம்பிள் ரூமுக்குத் திரும்பிப்போக அவருக்கு விருப்பமில்லை. பசை வாசனையில் தினமும் தலைவலி வரும். இங்கே தலைவலி இல்லை. செய்த வேலையின் பக்கத்தில் அவர் பெயரும் இருந்தது.

ஆனால் கட்டிங் செக்‌ஷன் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. அதன் சூப்பர்வைசர் வக்கார் அகமது கழுத்தில் ஒரு பென் டிரைவைத் தொங்கவிட்டிருப்பார். சாம்பிள் ரூமுக்கு நடந்துபோய் ஃபைலை வாங்கிவந்து வெட்டுவார்.

ஜான்சன் ஒருநாள் முத்துமாரியைக் கூப்பிட்டார். "புது ஆர்டர் வெட்டறதுக்குள்ள கட்டிங்காரங்க உன் பேஜை யூஸ் பண்ணணும். அவங்களே பார்க்கலன்னா அது எதுக்கு? மூடிடலாம். நீ பழைய ரூமுக்கே போயிடு."

முத்துமாரி நேராக வக்கார் பாயிடம் போய், என்ன இருந்தால் பார்ப்பீர்கள் என்று கேட்டார்.

"பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல தெரியணும்மா. எதை வெட்டணுமோ அதை அங்கயே எடுத்துக்கணும். அவ்ளோதான். ஜாஸ்தி ஒண்ணும் வேணாம்."

முத்துமாரி தொடங்கினார். முதலில் பக்கத்தைத் திரையில் இடது, வலது என்று இரண்டாகப் பிரித்தார். அது ஒரு மாற்றம். இடது பக்கத்தில் பழைய பேட்டர்னைக் காட்டினார். அது ஒன்று. அதற்குக் கீழே ஃபைலை எடுக்கும் பட்டன், அதற்கு டெஸ்ட். பெயர் நீளமாக இருந்தால் என்ன ஆகும், ஃபைல் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட். இடது பக்கம் முடிந்ததும் அதை அப்படியே நகல் எடுத்து வலது பக்கத்தில் புதிய பேட்டர்னுக்காக வைத்தார். டெஸ்டுகளை ஓட்டினார். எல்லாம் பச்சை. பச்சை என்றால் தேறியது, சிவப்பு என்றால் தவறு.

வக்கார் பாய் சொன்னபடி பக்கத்தைத் திறந்து, வலது பக்கத்தில் இருந்த புது மாடலை எடுத்துப் போனார். லெதரை வெட்டுவதற்கு முன் அட்டையில் ஒரு ஜோடி வெட்டிப் பார்ப்பது கட்டிங் செக்‌ஷன் வழக்கம். சிறிது நேரத்தில் ஷூவின் நாக்குப் பகுதிக்கான அட்டைத் துண்டோடு திரும்பி வந்தார்.

"புது மாடல்ல நாக்கு நீளமா இருக்கும்னு சொன்னாங்க. அளந்து பார்த்தேன். பழைய அளவுதான் இருக்கு."

"எந்தப் பக்கத்துல எடுத்தீங்க, பாய்?"

"வலது பக்கம். புதுசு வலது பக்கம்தானே?"

"ஆமா."

"அப்ப நான் சரி."

முத்துமாரி டெஸ்டுகளை மறுபடி ஓட்டி, திரையை அவர் பக்கம் திருப்பினார். "பாருங்க பாய், எல்லாம் பச்சையா இருக்கு."

வக்கார் பாய் குனிந்து பார்த்தார். "பச்சையா இருக்கு. சந்தோஷம். நாக்கு குட்டையா இருக்கு."

முத்துமாரி வலது பக்க நிரலைத் திறந்தார். நகல் எடுத்தபோது ஓர் இடத்தில் 'பழைய' என்பதைப் 'புதிய' என்று மாற்றாமல் விட்டிருந்தார். படத்தில் புதியது தெரிந்தது. பட்டனை அழுத்தினால் பழையது வந்தது. இது சின்னத் தவறு. இதை ஏன் டெஸ்ட் பிடிக்கவில்லை என்றுதான் அவர் அதிக நேரம் பார்த்தார். எல்லா டெஸ்டும் இடது பக்கத்துக்கு எழுதியவை. வலது பக்கத்துக்கு ஒன்றுகூட இல்லை.

"இன்னாம்மா ஆச்சு?"

"வலது பக்கத்தை டெஸ்ட்டே பண்ணல, பாய்."

"ஏன்?"

"சாம்பிள்ல ஒத்தக் கால்தானே செய்வோம்."

வக்கார் பாய் அந்தத் தொழிலிலேயே இருப்பவர். அவருக்கு மேலே விளக்கம் தேவைப்படவில்லை. அட்டைத் துண்டை மேஜைமேல் வைத்தார்.

"சாம்பிளைப் போட்டுக்கினு யாரும் நடக்கமாட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முத்துமாரி முதலில் வலது பக்கப் பட்டனுக்கு ஒரு டெஸ்ட் எழுதினார். அது சிவப்பாக வந்தது. பிறகு அந்த ஒரு சொல்லை மாற்றினார். பச்சையானது. எல்லாவற்றையும் காத்துவைக்கும் அந்த மென்பொருளிலும், தவறிய மாற்றத்தையே திருத்தி, ஒன்றும் நடக்காததுபோல் வைத்துவிட வழியிருந்தது. அந்தக் கம்பெனியில் அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் புதிய மாற்றமாகவே சேர்த்து, காரணம் எழுதும் இடத்தில் எழுதினார்: 'வலது பக்கப் பட்டன் பழைய ஃபைலைத் தந்தது. இடது பக்கத்துக்கு மட்டும் டெஸ்ட் எழுதிவிட்டு முடிந்தது என்றவர் முத்துமாரி.'

மறுநாள் காலையில் ஜான்சன் அவரையும் வக்கார் பாயையும் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பக்கத்தைத் திறந்தார். அந்த வரி எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அதைச் சத்தமாகப் படித்தார்.

"இதை யார் எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல, சார். காரணம் எழுதாம மாத்தக் கூடாது."

"வேற காரணம் எழுதியிருக்கலாமே?"

"வேற காரணம் இல்ல, சார்."

ஜான்சன் வக்கார் பாயைப் பார்த்தார். "இன்னா பாய். முதல் நாளே பழைய ஃபைல் குடுத்திருக்கு. மூடிடலாமா?"

முத்துமாரி மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் குதிகால் தப்பா வெட்டி லோடு திரும்பி வந்துச்சே, சார். அது யார் குடுத்த ஃபைலு?" என்று கேட்டார் வக்கார் பாய்.

"தெரியல."

"இன்னிக்கி வரைக்கும் தெரியல. சாம்பிள் ரூம்காரங்க என்னைத் திட்றாங்க, நான் அவங்களைத் திட்றேன். ஒரே பேஜாரு. இதுல யாரைத் திட்டணும்னு பேர் போட்டிருக்கு. இருக்கட்டும், சார்."

"அதுக்காகவா?"

"அட்டையில ஜோடியா வெட்டிப் பார்க்கறதை நான் விடமாட்டேன். அந்தம்மா ரெண்டு பக்கமும் டெஸ்ட்டு பண்ணட்டும்."

ஜான்சன் சரி என்றார். புது ஆர்டர் அந்தப் பக்கத்திலிருந்தே வெட்டப்பட்டது. நாக்கு சரியான நீளத்தில் இருந்தது. வக்கார் பாய் பென் டிரைவை இன்னும் கழுத்தில்தான் போட்டிருக்கிறார். அதில் இப்போது பாட்டுகள் இருக்கின்றன.

முத்துமாரி அதன் பிறகு வலது பக்கத்துக்கான டெஸ்டுகளை ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தார். அந்த நாட்களில் செல்வகுமாரின் கேள்விக்கு, "வலது பக்கம்" என்று மட்டும் பதில் கிடைத்தது.

அப்படி எழுதிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சாம்பிள் ரூமில் அவருடைய பழைய இடத்துக்கு வந்திருக்கும் மெஹக் உள்ளே வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"இது எந்த மாடல்க்கா? கலவைன்னு போட்டு இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு இருக்கு. நான் பார்த்ததே இல்லையே."

"அப்படி ஒரு மாடல் இல்ல. டெஸ்ட்டுக்கு."

"இல்லாத ஷூவுக்கு ரெண்டு காலா? எங்க ரூம்ல நிஜமா செய்யற ஷூவுக்கே ஒண்ணுதான்."

"தெரியும்" என்றார் முத்துமாரி. அடுத்து அமிர்தியின் வலது காலைத் திறந்தார்.