நான் அழிக்கச் சொன்ன குறிகள்

அமெரிக்காவுக்கு ஆன்சைட் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு, என் சாமர்த்தியத்தைச் சொல்வதற்கு முன் என் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நியூ ஜெர்சி மாநிலத்துப் பார்சிப்பனியில் நான் ஆன்சைட் கோஆர்டினேட்டர். கிளையன்ட் ஒரு நூலகம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜப்பானியக் கவிஞர் ஒருவரின் தாள்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். அவர் அச்சகத் தொழிலாளி. வேலை நேரத்தில் அச்சுக் கோத்தார். மிச்ச நேரத்தில் வேலைநிறுத்தங்களுக்குப் போஸ்டர் வரைந்தார், கவிதை எழுதினார், சிறைக்கும் போனார். எனக்கு அவர் சில ஆயிரம் இமேஜ் ஃபைல், அவ்வளவுதான்.

கவிதைகளுக்கு நடுவே வரிசையாகப் பெருக்கல் குறிகள் இருந்தன. குப்பை என்று நினைத்து, கறைகளோடு சேர்த்து அழிக்கச் சொன்னேன். எங்கள் ஆஃப்ஷோர் டீமில், அதாவது சென்னையில், டெஸ்டிங் பார்த்த செல்வி போனில் தயங்கினார்.

"சார், இது அழுக்கு மாதிரி தெரியல. எல்லாம் ஒரே சைஸ்ல, எழுத்து வர்ற இடத்துல இருக்கு. கிளையன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்."

"டெட்லைன் கழுத்தை நெரிக்குது செல்வி. சொன்னதை கிளீன் பண்ணுங்க."

அவர் அதையே மெயிலிலும் எழுதினார். நான் பதில் போடவில்லை.

டெமோவுக்குக் கவிஞரின் பேத்தி வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். திரையைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "குறிகள் எங்கே?" என்றார். போலீஸ் தடுத்த சொற்களுக்குப் பதிலாக அச்சிட்டவையாம் அவை. "தாத்தா தன் கையாலேயே அவற்றைக் கோத்தார். இங்கே ஒரு சொல்லைப் பிடுங்கினார்கள் என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டாமா?"

வெளியே வந்ததும் மேனேஜர், அவரும் நம்ம ஊர்க்காரர்தான், கேட்டார்: "இதை யாரு அப்ரூவ் பண்ணது அந்தோணி?"

என் கிரீன் கார்டு பேப்பர் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"ஆஃப்ஷோர்ல செல்வி, சார்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

செல்வியை பிராஜெக்டிலிருந்து எடுத்தார்கள், பிறகு கம்பெனியிலிருந்தும். அந்த மெயிலை அவர் யாருக்கும் காட்டவில்லை.

ஒரிஜினல் ஸ்கேன்கள் பத்திரமாக இருந்ததால் குறிகளைத் திரும்பக் கொண்டுவந்தோம். கிரீன் கார்டும் வந்தது. சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். செல்வியைக் கூப்பிட மட்டும் இன்றுவரை தைரியம் வரவில்லை.

பாடம் இதுதான்: நீங்கள் சொன்ன வேலைக்குப் பழி வந்தால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.

அந்த இணையதளத்தில் உழைத்தவர்கள் பட்டியல் இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது. பிடுங்கப்பட்ட சொல்லுக்கு அந்தக் கவிஞர் ஒரு குறியாவது வைத்தார். செல்வி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நான் அதைக்கூட வைக்கவில்லை.