கூட்டி எழுதிய பத்து நிமிடம்

விடை மூன்று மணி நேரம். அம்மா 'மூன்று மணி பத்து நிமிடம்' என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. ஞாயிறு மதியம், சமையலறை மேசை.

முந்நூறு கிலோமீட்டர் இடைவெளியில் எதிரெதிராக ஒரே நேரத்தில் கிளம்பும் இரண்டு பேருந்துகள். ஒன்று மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், ஒன்று அறுபதில். எப்போது சந்திக்கும்? 40x + 60x = 300. அதுவரை சரியாகவே வந்திருந்தாள். அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"மூணு மணி நேரம் யாரும் ஏறாம எறங்காம பஸ் ஓடுமா? டிரைவர் தண்ணி குடிக்க வேணாமா? ரெண்டு வண்டிக்கும் பத்துப் பத்து நிமிஷம் போட்டேன். இந்தக் கணக்க எழுதுனவன் பஸ்ஸே ஏறுனதில்ல போல."

அம்மா இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டினாள். டிப்போவில் அவள் பெயர் 'கரெக்ட் அக்கா'. நான் அலுவலகத்திலிருந்து கிளம்பிவிட்டேன் என்றால், தூரத்தை வகுத்து, நெரிசலுக்குக் கொஞ்சம் கூட்டி, அந்த நேரத்துக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். நேரம் தவறினால் எனக்குப் போன். எடுக்காவிட்டால் என் நண்பர்களுக்குப் போன்.

இந்த ஆண்டுக்குள் வண்டி ஓட்டுவதை விட்டுவிடச் சொல்லியிருந்தார் இதய மருத்துவர். அதற்கு இருந்த ஒரே வழி, டிப்போவில் பேருந்துகளுக்கு நேரம் போடும் நேரக் கண்காணிப்பாளர் வேலை. அதற்கான எழுத்துத் தேர்வில், இந்த மாதிரிக் கணக்குகளில்தான், இரண்டு முறை தோற்றிருந்தாள். வயது வரம்புப்படி இதுவே கடைசி முறை.

நான் பொறியாளன். பயத்தில் அவளை நாற்பது கணக்குகள் போடவைத்தேன். ரயிலுக்குச் சிக்னல் நேரம் கூட்டினாள். படகுக்கு ஆள் ஏறும் நேரம். எல்லாவற்றையும் அடித்தேன். கேள்வியில் இல்லாததை எழுதாதே என்று கத்தினேன்.

"சரிடா, அவங்களுக்கு மூணுன்னா மூணு. நான் அந்தச் சீட்டுல உக்காந்தா பத்து நிமிஷம் சேத்துத்தான் டயம் போடுவேன்."

பத்து நிமிடத்தை ரப்பரால் அழித்தாள்.

தேர்வுக்கான நுழைவுச்சீட்டில் டிப்போ மேலாளர் கையெழுத்துப் போட வியாழக்கிழமை கடைசி நாள். அவர் பத்து மணிக்குத்தான் வருவார். அம்மாவின் வண்டி ஒன்பது நாற்பதுக்கு. கொஞ்சம் தாமதமாக எடு என்று அன்று காலை போனில் கெஞ்சினேன்.

"வழியில நிக்கிறவங்களுக்கு யாருடா சொல்றது? திரும்பி வந்து வாங்கிக்கிறேன்."

திரும்பும்போது, டிப்போவுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால், வண்டியை ஓரங்கட்டிக் கைபிரேக் போட்டு, பயணிகள் இறங்கக் கதவுகளைத் திறந்துவிட்டிருக்கிறாள். நடத்துனர் முன்னால் வந்து பார்த்தபோது தலை ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தது.

அவள் பையை என்னிடம் கொடுத்தார்கள். நுழைவுச்சீட்டு மடங்காமலிருக்க அட்டையோடு சேர்த்துக் கிளிப் போட்டிருந்தாள். மேலாளர் கையெழுத்திட வேண்டிய இடத்தைத் தேடக்கூடாதென்று, அங்கே பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தாள்.